நான்கு செல்லுக்கு முப்பத்தைந்து

ஔந்த், பூனா
23.04.2024

தம்பி அமீர் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று உம்மா நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் சொன்னேன். நானும் உன் மச்சானும் சுகம். உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் 'அதில்ல லாத்தா, அதில்ல லாத்தா' என்று மழுப்பியே நழுவிவிடுவாய். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லாவைத் தாண்டி எங்கள் கிளப் மைதானத்தில் வாசுதேவன் தன் புது விமானத்தைப் பறக்கவிட்டார். தளேகாவில் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறாரே, அவர்தான். ரிமோட்டில் ஓடும் மாதிரி விமானம்தான், ஆனாலும் ஒன்றேமுக்கால் கிலோ. முழு வேகத்தில் மேலே ஏறும்போது ஈ.எஸ்.சி. எரிந்துவிட்டது. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பலகை எரிந்தால் மோட்டார் மட்டும் நிற்காது என்று உனக்குத் தெரியும். ரிசீவருக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள் அவர் மனைவி பவுன். விமானம் அவள் மேல் வந்து விழுந்தது. கையைத் தூக்கியதால் தலை தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் நொறுங்கிவிட்டன. வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற பெண் அவள்.

அந்த மோட்டார், ஈ.எஸ்.சி., புரொப்பெல்லர் மூன்றும் உன் கடையிலிருந்து பார்சலில் ஒரே செட்டாகப் போனவை. பெட்டிக்குள் நீ அச்சடித்து வைத்த அட்டையை வாசுதேவன் என்னிடம் நீட்டினார். 'மூன்று செல் பேட்டரியில் 26 ஆம்ப்ஸ். நான்கு செல் பேட்டரியில் 35 ஆம்ப்ஸ். சோதித்தவர்: ஹசீனா, எம்.எஸ்சி., பூனா.'

விற்பதற்கு முன்னால் சோதித்துச் சொல்லச் சொல்லி நீ எனக்கு அனுப்பிய செட்டை நான் ஓட்டிப் பார்த்தது மூன்று செல்லில் மட்டும்தான். ஜனவரியில் என்னிடம் நான்கு செல் பேட்டரியே கிடையாது, உப்பிப் போனதைத் தூக்கிப் போட்டிருந்தேன். நேற்று அந்த மோட்டாரை மேஜையில் பூட்டி, என்னுடைய பெரிய ஈ.எஸ்.சி.யைக் கொடுத்து, நான்கு செல்லில் ஓட்டி மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தாறு. உன் செட்டில் இருப்பது நாற்பது தாங்கும் பலகை. நாற்பத்தாறை அதன் தலையில் ஏற்றினால் எரியாமல் என்ன செய்யும்?

இரண்டே கேள்விகள். முப்பத்தைந்து என்று எழுதியது யார்? எத்தனை பேருக்கு விற்றாய்? விற்றவர்கள் அத்தனை பேரிடமும் இன்றே சொல், பறக்கவிட வேண்டாம் என்று.

ஹசீனா


மேலப்பாளையம்
06.05.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இறைவன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் மச்சான் சுகமும் அறிய ஆவல். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. புது டாக்டரிடம் காட்டினோம், மாடிப்படி ஏறக்கூடாது என்கிறார். உம்மாவா கேட்பார்கள். வெயில் சொல்லி மாளாது. மாங்காய் ஊறுகாய் போட்டு உங்களுக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறார்கள். போனைத் திறந்தால் அவர்களாவது பேசுவார்கள்.

பவுன் அக்காவின் விஷயம் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். என் கடையிலிருந்து போன பொருள், நான்தான் பொறுப்பு. நாற்பத்தொரு செட் போயிருக்கிறது. அதை விற்பதை நிறுத்திவிட்டேன்.

மச்சானுக்கு என் ஸலாம். ஃபரீன் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அமீர் அலி


ஔந்த்
11.05.2024

அமீர்,

ஸலாம். உம்மாவின் முழங்காலுக்கும் ஊறுகாய்க்கும் கடிதத்தில் பாதியைக் கொடுத்திருக்கிறாய். முப்பத்தைந்து என்ற எண்ணுக்கு ஒரு வரி இல்லை.

'நான்தான் பொறுப்பு' என்று எழுதினால் எனக்கு மனம் இளகிவிடும் என்று நினைத்தாயா? பொறுப்பு என்பது யார் வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளக்கூடிய சொல். நான் கேட்டது செயலை. அந்த எண்ணை எழுதியது எந்தக் கை? வேறு கடைக்காரனின் அட்டையைப் பார்த்து அடித்தாயா? நான்கு செல் ஓடும் என்று போட்டால் நன்றாக விற்கும் என்று நீயே ஒன்றை இட்டு நிரப்பினாயா?

நான் ஜூனியர் காலேஜில் பதினெட்டு வருடமாக இயற்பியல் எடுக்கிறவள். அளக்காத எண்ணை எழுதக்கூடாது என்பதை ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். மீட்டர் காட்டாததை ரெக்கார்டில் எழுதும் பையன்களின் நோட்டை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறேன். என் பெயருக்கு மேலே நீ ஒரு பொய்யை அச்சடித்திருக்கிறாய்.

விற்பதை நிறுத்தியது பெரிய காரியமில்லை. ஏற்கனவே போன நாற்பத்தொன்று என்ன ஆவது? வாசுதேவனுடையது போக நாற்பது விமானங்கள் இன்னும் யார் தலைக்கு மேலோ பறந்துகொண்டிருக்கின்றன. அவர்களிடம் சொன்னாயா இல்லையா?

பவுனுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. விரலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஹசீனா


மேலப்பாளையம்
27.05.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். அனைவரும் சுகம், அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். கடைக்கு வெள்ளையடித்தோம், அந்த வேலையில் நாள் போய்விட்டது.

வாங்கியவர்களிடம் போனில் சொல்லிவிட்டேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அந்த எண்ணைப் பற்றி இனிப் பேச வேண்டாம் லாத்தா. யார் எழுதினால் என்ன, நடந்தது நடந்துவிட்டது. என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபப்பட்டால் உங்களுக்குப் பிரஷர் ஏறும் என்று மச்சான் சொன்னார்கள்.

அமீர் அலி


ஔந்த்
02.06.2024

அமீர்,

ஸலாம். உன் மச்சானிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாயா? நல்லது. நேற்று இரவுச் சாப்பாட்டின்போது 'சின்னப் பையன், விட்டுவிடு' என்றார். சின்னப் பையனுக்கு முப்பத்தொன்பது வயது. அவர் கடையில் ஒரு சூட்கேஸின் கைப்பிடி கழன்றுவிட்டால் சப்ளையரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கத்துவார். ஒரு பெண்ணின் கை போனதற்கு நான் கத்தக்கூடாதாம்.

யார் எழுதினால் என்னவா? பேச வேண்டாமா? நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்கியில் லோக்கல் ரயில் ஏறித் தளேகாவுக்குப் போய்ப் பவுன் எதிரில் உட்கார்கிறேன். தையல் மெஷின் மேல் துணியைப் போர்த்தி வைத்திருக்கிறாள். பேச்சு வராதபோது நான் உன்னைத் திட்டுவேன், அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். 'உங்க தம்பி ஏங்க இப்படிப் பண்ணாரு?' என்று ஒருநாள் கேட்டாள்.

கிளப்பில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் சோதனை எண்களை நம்பித்தான் பாதிப் பேர் மோட்டாருக்கு ஈ.எஸ்.சி.யும் பேட்டரியும் பொருத்தி வாங்குகிறார்கள். இனி நம்பலாமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், எண்ணை மாற்றியது என் தம்பி, என் சோதனையில் தவறில்லை என்று. கூடப் பிறந்தவனைப் பொய்யன் என்று முப்பது பேர் முன்னால் சொல்ல வைத்துவிட்டாய்.

மறுத்தால் மறுத்து எழுது. ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டு எழுது. ஊமை நாடகம் வேண்டாம்.

ஹசீனா


மேலப்பாளையம்
20.06.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் இங்கே நன்றாக நடந்தது. அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். நீங்கள் பேசவில்லை என்று உம்மா பெருநாளன்று பிரியாணியைத் தொடவில்லை.

கிளப்பில் சொன்னதை அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை.

அமீர் அலி


ஔந்த்
16.07.2024

அமீர் அலி,

இந்தத் தடவை ஸலாம் எழுதப் பேனா வரவில்லை. உம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்.

நேற்று நாசிக்கிலிருந்து அனிருத் என்று ஒருவர் காலேஜுக்குப் போன் செய்தார். அட்டையில் என் பெயரைப் பார்த்து, கிளப்பில் விசாரித்து, என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் பறக்கவிட்டாராம். உன் செட்தான், நான்கு செல்தான். ஈ.எஸ்.சி. புகைந்து, விமானம் பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்தில் விழுந்து, பேட்டரி அங்கேயே தீப்பிடித்திருக்கிறது. ஞாயிறு என்பதால் முற்றத்தில் யாரும் இல்லை. திங்கட்கிழமை காலையாக இருந்திருந்தால்?

'கடைக்காரர் உங்களுக்குப் போனில் சொன்னாரே' என்றேன். 'யாரும் எதுவும் சொல்லவில்லையே மேடம்' என்றார். அப்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வாங்கியவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று உன் கையால் எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. நாற்பது என்பது வெறும் எண் இல்லை, யாரோ பெற்ற பிள்ளைகளின் உயிர். பவுனின் விரல் போனது ஏப்ரலில். மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம் நீ கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாய்.

இன்னும் பத்து நாள் தருகிறேன். வாங்கியவர்களின் விலாசங்கள் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ரயில் ஏறி வந்து, உன் கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் நீ யார் என்று சொல்வேன்.

ஹசீனா


மேலப்பாளையம்
29.07.2024

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு, உங்கள் தம்பி மனைவி ஃபரீன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்கும் மச்சான் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தவறாக ஏதாவது வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதத்தான் போகிறேன்.

நீங்கள் எழுதிய நான்கு கடிதங்களையும் நான் படித்தேன். உங்கள் தம்பி படித்துவிட்டு மடித்து மேஜை டிராயரில் வைத்துவிடுவார்கள். கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர்கள் கடையைத் திறக்கவில்லை. காலையில் குளித்து உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஜனவரியில் மோட்டார் பெட்டிக்குள் நீங்கள் வைத்து அனுப்பிய தாள். விபத்துச் செய்தி வந்த அன்று இதைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். நான் கிழிக்கவில்லை, என் குர்ஆன் உறைக்குள் வைத்திருந்தேன். பாருங்கள். எழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'உங்க லாத்தா கிட்ட காட்டுங்களேன்'னு மே மாசமே சொன்னேன். 'எங்க தெருவுல மொத மொத எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு லாத்தா. அவங்க பேர நான் கெடுக்கணுமா? என்னையத் திட்டிட்டுப் போகட்டும்'னு சொல்லிட்டாங்க. வாங்கினவர்களிடம் சொல்லப் போனை எடுத்தது உண்மை. முதல் ஆளே 'அட்டையில் பேர் போட்டிருக்கும் அந்த எம்.எஸ்சி. தப்பாக அளந்தாரா' என்று கேட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. அது தப்புதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் லாத்தா, என் புருஷனைப் பொய்யன் என்று ஊர் கேட்கச் சொன்னீர்கள். அதை நான் மறக்க நாளாகும்.

ஃபரீன்


ஔந்த்
05.08.2024

தம்பி,

ஸலாம்.

தாள் வந்தது. காலேஜிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். பச்சை மை, என் எழுத்து. மூன்று செல் வரிசையில் வோல்ட், ஆம்ப்ஸ், வாட், மோட்டார் சூடு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. நான்கு செல் வரிசையில் 35 மட்டும். மற்றக் கட்டங்கள் காலி.

எப்படி வந்தது என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்தாறை நாலால் பெருக்கி மூன்றால் வகுத்திருக்கிறேன். வோல்ட் எவ்வளவு கூடுகிறதோ கரண்டும் அவ்வளவு கூடும் என்று பதினெட்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. கம்பிச்சுருளுக்குச் சரி. புரொப்பெல்லருக்கு எப்படிச் சரியாகும்? வோல்ட் கூடினால் அது வேகமாகச் சுற்றும், வேகம் கூடக் கூடக் காற்றைத் தள்ள அதற்குப் பன்மடங்கு பலம் வேண்டும். வந்த விடையையே இன்னொரு தடவை நாலால் பெருக்கி மூன்றால் வகுத்திருந்தால் நாற்பத்தாறு வந்திருக்கும். மீட்டர் காட்டிய அதே நாற்பத்தாறு. புது பேட்டரி வந்ததும் அளந்துகொள்ளலாம் என்று நினைத்து எழுதியிருப்பேன். பேட்டரி மார்ச்சில் வந்தது. நான் அளக்கவில்லை, எழுதியதையே மறந்துவிட்டேன்.

மறதி என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. என்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதத் தாள் போதாது.

ஆனால் உன்மேல் உள்ள கோபமும் தீரவில்லை. என் பெயரைக் காப்பாற்றினாயாம். யார் கேட்டார்கள்? ஏப்ரலில் இந்தத் தாளைக் காட்டியிருந்தால் மே மாதமே நாற்பது பேருக்கும் சொல்லியிருப்போம். ஒரு பள்ளிக்கூட முற்றத்தைப் பணயம் வைத்து என் எம்.எஸ்சி.யைக் காப்பாற்ற நீ யார்? எனக்காகச் செய்தாய் என்பதற்காக அது நல்லதாகிவிடாது.

சனிக்கிழமை தளேகாவுக்குப் போய்த் தாளைக் காட்டினேன். வாசுதேவன் எழுந்து பால்கனிக்குப் போனவர், நான் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. பவுன் தாளை மடித்து என்னிடமே நீட்டினாள். 'நீங்க வாரா வாரம் வந்து தம்பியத் திட்டுவீங்க. எனக்கும் அது ஆறுதலாத்தான் இருந்துச்சு. இனி யாரத் திட்டச் சொல்றீங்க?' என்றாள். என்னைத் திட்டு என்றேன். 'வீட்டுக்கு வந்தவங்கள எப்படித் திட்டுறது. அடுத்த வாரம் வாங்க, யோசிச்சு வைக்கிறேன்' என்றாள்.

கீழே எழுதியிருப்பதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பு. முதலில் போன் செய், பிறகு தபால். ஒரு சொல்லைக் குறைக்காதே.

'இந்தச் செட்டை நான்கு செல் பேட்டரியில் ஓட்டாதீர்கள். அட்டையில் உள்ள 35 தவறு. உண்மையில் 46 ஆம்ப்ஸ் இழுக்கிறது, ஈ.எஸ்.சி. எரிந்துவிடும், விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழும். இதனால் ஒரு பெண்ணின் வலது கை பாழாகிவிட்டது. அந்த எண்ணை அளக்காமல் எழுதியவள் நான். ஹசீனா, பூனா.'

ஃபரீனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

ஹசீனா


மேலப்பாளையம்
14.08.2024

லாத்தாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்.

போன் செய்து, தபாலும் அனுப்பிவிட்டேன். முப்பத்தெட்டு பேர் இனிப் பறக்கவிடமாட்டோம் என்று உறுதி சொல்லிவிட்டார்கள். அனிருத் ஒருவர், ஆக முப்பத்தொன்பது. சாத்தாராவில் ஒருவர் போனை எடுக்கவில்லை, விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். வாசுதேவன் அண்ணனுக்கும் தனியாகக் கடிதம் போட்டேன்.

ஒரு சொல்லையும் குறைக்கவில்லை, ஆனால் ஒரு வரி சேர்த்தேன். 'மற்றக் கட்டங்கள் காலியாக இருந்ததைப் பார்த்தும் கேட்காமல் அச்சடித்தவன் நான்' என்று எழுதி என் பெயரையும் போட்டேன். அது எனக்குக் கண்ணில் பட்டது லாத்தா. நீங்கள் எழுதியது என்பதால் கேட்கவில்லை.

இப்போது நானும் கோபமாக ஒன்று கேட்கிறேன், முதலும் கடைசியுமாக. நான்கு கடிதம் எழுதினீர்கள். பொய்யன், ஊமை நாடகம் ஆடுகிறவன், விற்பனைக்காக எண்ணை இட்டு நிரப்பியவன். அந்த நான்கில் ஓர் இடத்திலாவது, 'நான் எழுதியிருப்பேனோ, தாளைப் பார்த்துச் சொல்' என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்களா? சின்ன வயதில் கண்ணாடி உடைந்தாலும் நான்தான், பால் பொங்கினாலும் நான்தான். நான் வாய் திறக்காதது உங்கள் பெயருக்காக மட்டும் என்று ஃபரீன் நினைக்கிறாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்களா?

அமீர் அலி


ஔந்த்
22.08.2024

தம்பி அமீர் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் அளக்காமல் எழுதியதாகிவிடும். உம்மாவிடம் நேற்றுப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சாத்தாராவுக்குப் போனேன். அந்த மனிதருக்குப் போன் தொலைந்துவிட்டதாம், தபாலும் போய்ச் சேரவில்லை. நான் போனபோது நான்கு செல் பேட்டரி சார்ஜில் இருந்தது, சாயங்காலம் பறக்கவிடுவதற்கு. விஷயத்தைச் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பத்து நிமிஷம் மராத்தியில் என்னைத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். நாற்பதும் நின்றுவிட்டது.

கிளப்பில் அன்று கேட்டவர்கள் எல்லோரும் வந்திருந்த நாளாகப் பார்த்து, தாளைக் காட்டி, என் தம்பி பொய்யன் இல்லை என்று சொல்லிவிட்டேன். இனி அங்கே என் எண்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது. நல்லவிதமாக ஒரு பதில் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நம்பியிருக்கமாட்டேன். ஏப்ரலில் நீ அந்தத் தாளையே அனுப்பியிருந்தாலும், என் எழுத்தைப் போல நீதான் எழுதிச் சேர்த்தாய் என்று சொல்லியிருப்பேன்.

உன் லாத்தா
ஹசீனா